எம்பி3, ஃப்ளாக், பழகிய காது: வடசென்னை நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்

பெரம்பூரில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவு அறை நடத்துகிறேன். கானா, பஜனை, தேவாலயப் பாடல்கள், நாதஸ்வரம் எல்லாம் அங்கே பதிவாகி மிக்ஸ் ஆகின்றன. எம்பி3 சில விவரங்களை விட்டுச் சுருக்கும் ஃபைல், ஃப்ளாக் எதையும் விடாமல் சுருக்கும் ஃபைல். டிஜிட்டலில் சுருக்கிய ஒலிக்கும் அசலுக்கும் உள்ள வித்தியாசம் பழகிய காதுக்குப் பிடிபடுமா என்று நம் பக்கத்து இசை நண்பர்கள் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். என் தொழிலுக்குள் வருவதற்கு விரிவாகப் பதில் உண்டு. மற்றதற்குச் சுருக்கமாகத்தான். எதை எதோடு ஒப்பிட்டாலும், முதலில் இரண்டின் சத்த அளவையும் சமப்படுத்துங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, ஒரே வரியில் சொல்லுங்க. பழகிய காது இருக்கிறவங்களுக்கு எம்பி3க்கும் சிடிக்கும் வித்தியாசம் தெரியுமா, தெரியாதா?

பதில்: ஒரே வரி என்றால் இதோ: நொடிக்கு 128 கிலோபிட் என்று சுருக்கிய எம்பி3யில் தெரியும், 192இல் பல நேரம் தெரியும், 256க்கு மேல் பெரும்பாலும் தெரியாது. ஆனால் தம்பி, அந்த ஒரு வரியோடு போய்விடாதே. காரணம் தெரிந்தால்தான் அது உனக்குப் பயன்படும்.

சிடியில் ஒரு நொடிக்கு 14,11,200 பிட் ஓடுகிறது. 128 கிலோபிட் எம்பி3 அதில் பதினொன்றில் ஒரு பங்கு. மீதியைக் கண்மூடித்தனமாக வெட்டுவதில்லை. நம் காதுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பெரிய சத்தம் ஒலிக்கும்போது, அதன் சுருதிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சத்தம் காதில் விழாது. பெரிய சத்தம் நின்ற பிறகும் 100, 200 மில்லிசெகண்ட் வரை அந்த மறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தபடி நீடிக்கும். பெரிய சத்தம் வருவதற்கு முன்னாலும் மறைப்பு உண்டு, ஆனால் அது சில மில்லிசெகண்ட் மட்டும்தான். எம்பி3 இந்த மறைவிடங்களில் பிட்டைக் குறைத்து, அதனால் வரும் பிசிறை அங்கேயே ஒளித்து வைக்கிறது. பிட்ரேட், அதாவது நொடிக்கு எத்தனை பிட் என்ற கணக்கு, போதுமானதாக இருந்தால் ஒளித்தது ஒளிந்தே இருக்கும். போதாவிட்டால் வெளியே எட்டிப் பார்க்கும். பழகிய காது என்பது அப்படி எட்டிப் பார்ப்பதை எங்கே தேடுவது என்று தெரிந்த காது.

2009இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பொறியாளர்களையும் இசைக்கலைஞர்களையும் வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். எது எந்த ஃபைல் என்று சொல்லாமல் ஒலிக்கவிட்டு, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். 192 கிலோபிட் வரைக்கும் எம்பி3யை விட சிடியைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 256, 320இல் அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதே சோதனையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. இசைக்கலைஞர்களை விட ஒலிப்பொறியாளர்கள் அதிகம் பிடித்தார்கள். பாடகருக்குச் சுருதி பிசகினால் உடனே தெரியும். ஆனால் கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை, செய்யும் பிசகு அவர் வாழ்க்கையில் தேடிக் கேட்ட பொருள் கிடையாது. அதையே தினமும் தேடுகிறவருக்குத்தான் அது பிடிபடும்.

புளியந்தோப்பு, டோலக் வாசிப்பவர்: அண்ணே, நம்ம கானா ரெக்கார்டிங்கை ஃபோன்ல கேட்டா டோலக் அடி மழுங்கின மாதிரி இருக்கு. அடி விழுறதுக்கு முன்னாடியே ‘ஷ்’னு ஒரு மூச்சுச் சத்தம் வேற. நான் சொன்னா செட்ல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. எனக்கு மட்டும்தான் கேக்குதா?

பதில்: உன் காது சரியாகத்தான் இருக்கிறது தம்பி. நீ சொன்ன மூச்சுச் சத்தத்துக்கு முன்னெதிரொலி என்று பெயர். கோடெக் வேலை பார்க்கிற அத்தனை பேரும் முதலில் படிக்கிற குறை அதுதான்.

எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துக் கணக்குப் போடுகிறது. வழக்கமான துண்டு 1,152 சாம்பிள் நீளம், அதாவது 26 மில்லிசெகண்ட். துண்டின் கடைசியில் டோலக் அடி விழுகிறது, அதற்கு முன் அமைதி என்று வைத்துக்கொள். கணக்கில் வரும் பிசிறு அடி விழும் இடத்தோடு நிற்காமல் துண்டு முழுக்கப் பரவிவிடும். அப்போது அடிக்கு முன்னால் இருந்த அமைதியிலும் பிசிறு கேட்கும். முன்பக்க மறைப்பு சில மில்லிசெகண்ட்தான் என்று மேலே சொன்னேன். இருபது மில்லிசெகண்ட் பிசிறை அதனால் மூட முடியாது. அமைதியிலிருந்து ‘டக்’ என்று அடி எழும்பினால்தான் அதற்குக் கூர்மை. முன்னாலேயே ஒரு சாய்வு வந்துவிட்டால் அடி மழுங்கிப்போகும். நீ கேட்டது அதுதான்.

இதைத் தவிர்க்கத்தான், திடீர் அடி வருகிறது என்று தெரிந்தால் எம்பி3 துண்டை மூன்றில் ஒரு பங்காக்கிக்கொள்ளும். நல்ல என்கோடர் (எம்பி3 ஆக்கும் மென்பொருள்) அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கும், மட்டமான என்கோடர் தவறவிடும். எம்பி3க்குப் பின் வந்த ஏஏசி என்ற சுருக்க முறையின் குட்டித் துண்டு இன்னும் சின்னது, அதனால் ஒரே பிட்ரேட்டில் அடிகளை அது கூடுதல் சுத்தமாகக் காட்டும். ஐரோப்பியச் சோதனைகளில் இந்தக் குறையைப் பிடிக்க காஸ்டனெட் என்கிற மரக்கட்டைத் தாளத்தை வைப்பார்கள். நம்மிடம் டோலக்கின் வலந்தலை அடி, கஞ்சிரா, கடம், கைதட்டல் எல்லாம் அதே வேலையைச் செய்யும். சலங்கையைக் குறைந்த பிட்ரேட்டில் கேட்டுப் பார். மணி மணியாக விழ வேண்டியது தண்ணீர் கொப்பளிப்பது போலச் சலசலக்கும்.

செட்டில் நம்பாதவர்களுக்குக் காட்ட ஒரு வழி: அடிக்கு முன்னும் பின்னும் அரை நொடியை மட்டும் வெட்டி, அசலையும் 64 கிலோபிட்டையும் மாற்றி மாற்றிப் போடு. சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுப் போடு.

பெரம்பூர், தனியார் நிறுவன ஊழியர்: 2,000 ரூபாய்க்குள்ள நல்ல இயர்போன் எது சார்?

பதில்: இது என் துறை இல்லை. ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி, உங்கள் பாட்டைப் போட்டுக் கேட்டு வாங்குங்கள். காதில் இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் எந்த விலையிலும் பேஸ் வராது.

அயனாவரம், ஓய்வுபெற்ற தொழிலாளி: தம்பி, எனக்கு 63 வயசு. பட்டறையில சுத்தியல் சத்தத்துல வேலை பார்த்த காது. பேரன் ஃப்ளாக்தான் கேக்கணும்னு சொல்றான். என் காதுக்கு அது தேவையா?

பதில்: ஐயா, வயது கூடக் கூட உச்ச அதிர்வெண்கள் முதலில் போகும். பட்டறை இரைச்சல் இருந்தவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அது பேச்சில் ‘ச’, ‘ஸ’ தெளிவாகக் கேட்கும் இடத்தைத் தொடும். 128 கிலோபிட் எம்பி3 வழக்கமாக 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிடும். அந்த வெட்டு உங்களைப் பாதிக்காது. நாற்பது வயதுக்காரர்கள் பலருக்கே அது தெரியாது.

ஆனால் சுருக்கத்தின் குறைகள் எல்லாம் உச்சியில்தான் இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். முன்னெதிரொலி, குரலில் வரும் நடுக்கம், ஸ்டீரியோ அகலம் சுருங்குவது எல்லாம் நடு அதிர்வெண்ணிலும் உண்டு. உங்கள் காதுக்கு அது கேட்கலாம். 192 கிலோபிட் ஏஏசி இருந்தால் நிம்மதியாகக் கேளுங்கள். அப்புறம், காதுப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். அது ஃப்ளாக்கை விட முக்கியம். பேரனிடமும் சொல்லுங்கள்: 85 டெசிபலில் 8 மணி நேரம் என்றால், 88 டெசிபலில் 4 மணி நேரம்தான் பாதுகாப்பு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும்.

வண்ணாரப்பேட்டை, ஹை-ஃபை ஆர்வலர்: 192, 256 என்று சொல்வதெல்லாம் சாதாரணக் கருவிக்கு. என்னிடம் தனி டாக் (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக மாற்றும் கருவி), நல்ல ஓப்பன்-பேக் ஹெட்போன் இருக்கிறது. 320க்கும் ஃப்ளாக்குக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முதல் பத்து நொடியிலேயே தெரியும். மேடையின் ஆழம், காற்று, உயிர் எல்லாம் எம்பி3யில் போய்விடுகிறது. காதில் கேட்பதை ஆய்வுக் கட்டுரையால் மறுக்க முடியுமா?

பதில்: நீங்கள் கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு வித்தியாசம் கேட்கிறது. அது ஃபைலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எது ஃப்ளாக் என்று திரையில் தெரிந்தபடி கேட்டால் கண்ணும் சேர்ந்து கேட்கும். மனித மூளையின் இயல்பே அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். அதனால்தான் என் அறையில் முக்கியமான முடிவை மானிட்டர் திரையை அணைத்துவிட்டு எடுக்கிறேன். சத்த அளவு இன்னொரு காரணம். எம்பி3யைத் திரும்ப விரிக்கும்போது உச்சங்கள் சில இடங்களில் எல்லையைத் தாண்டும். சில ஆப்கள் ஒரு ஃபைலுக்கு அளவைக் குறைக்கும், இன்னொன்றுக்குக் குறைக்காது. கால் டெசிபல் கூடுதலாக இருந்தால் காது அதைச் ‘சத்தம்’ என்று சொல்லாது, ‘தெளிவு’ என்றும் ‘ஆழம்’ என்றும்தான் சொல்லும்.

ஏபிஎக்ஸ் சோதனை செய்து பாருங்கள். ஏ ஒரு ஃபைல், பி இன்னொரு ஃபைல், எக்ஸ் இந்த இரண்டில் ஒன்று. எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும். ஃபூபார்2000 மென்பொருளில் இதற்கு ஒரு இணைப்பு இலவசமாகவே கிடைக்கிறது. 16 முறை செய்யுங்கள். குருட்டாம்போக்கில் அழுத்தினால் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. 12 எடுத்தால் பேசுவோம், 14 எடுத்தால் எந்த இடத்தில் பிடித்தீர்கள் என்று நான் உங்களிடம் கற்றுக்கொள்கிறேன்.

எம்கேபி நகர், மாணவி: 320 கேபிபிஎஸ்ஸும் ஃப்ளாக்கும் ஒண்ணா அண்ணா?

பதில்: ஃபைலாக ஒன்று கிடையாது தங்கச்சி. ஃப்ளாக்கை விரித்தால் சிடியில் இருந்த பிட் ஒன்று விடாமல் திரும்பி வரும், எம்பி3யில் வராது. கேட்பதற்கு ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றுதான். சேமித்து வைக்க ஃப்ளாக், ஃபோனில் கேட்க எம்பி3.

மூலக்கடை, கார் டிரைவர்: கார்ல கேக்க எது போதும்?

பதில்: ஓடுகிற காரில் 192 தாராளம்.

தண்டையார்பேட்டை, பஜனைக் குழு: எங்ககிட்ட பழைய பஜனை எல்லாம் 128ல இருக்கு. அதை 320ஆ மாத்தினா தரம் கூடுமா?

பதில்: கூடாது. சின்ன டம்ளர் பாலைப் பெரிய சொம்பில் ஊற்றினாலும் பால் அதே அளவுதான். கூடாதது மட்டுமல்ல, குறையும். ஏற்கெனவே பிசிறு ஒளித்த ஒலியை இரண்டாவது தடவை சுருக்கும்போது, முதல் தடவைப் பிசிறையும் பாட்டு என்று நினைத்துக்கொண்டு அதன் மேலேயே புதுப் பிசிறைப் போடும். இருக்கிற 128ஐ அப்படியே பத்திரமாக வையுங்கள்.

திருவொற்றியூர், இசை ஆசிரியை: வண்ணாரப்பேட்டைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று நினைக்கிறேன். துண்டு துண்டாக வெட்டி, மாற்றி மாற்றிப் போட்டு, ‘சொல், சொல்’ என்று கேட்டால் யாருக்கும் பதற்றம் வரும். ராகத்தை அனுபவிப்பது அப்படியா? இன்னொன்று. 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடன் வானொலி அறுபது வல்லுநர்களை வைத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தடவை எது எது என்று சொல்லாமல் சோதனை செய்து ஒரு கோடெக்கைச் சரியென்றது. பிறகு பார்ட் லொகாந்தி என்ற பொறியாளர் சும்மா உட்கார்ந்து கேட்டதும் 1,500 ஹெர்ட்ஸில் ஒரு ‘கீ’ச்சொலி இருப்பதைக் கண்டுபிடித்தார். உங்கள் சோதனை அப்போது எங்கே போனது?

பதில்: அம்மா, இந்த விவாதத்தில் எதிர்த்தரப்புக்கு இருக்கும் வலுவான வாதத்தையே எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பதற்றம் உண்மைதான். ஆனால் ஏபிஎக்ஸில் நேரக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு தடவைக்கு முழு ஆலாபனையையும் கேட்கலாம். இன்றைக்கு நான்கு, நாளைக்கு நான்கு என்று வீட்டில் தனியாக, காபி குடித்தபடி செய்யலாம். யாரும் பக்கத்தில் நின்று கேட்க வேண்டியதே இல்லை. சின்னத் துண்டு கேட்கச் சொல்வது ஏன் என்றால், ஒலியின் நுணுக்கமான விவரம் நினைவில் சில நொடிதான் நிற்கும். பாட்டின் பாவம் நாள்கணக்கில் நிற்கும், வலந்தலை அடியின் ஓரத்தில் இருந்த பிசிறு நிற்காது. அதனால் துண்டாகக் கேட்பது பிடிப்பவருக்குத்தான் சாதகம். நீண்ட நேரம் கேட்டால்தான் தெரியும் என்று ஒருவர் சொன்னால் நீண்ட நேரமே கேட்கட்டும், எது எது என்று தெரியாமல் கேட்டால் போதும்.

ஸ்வீடன் கதைக்கு வருகிறேன். அறுபது பேர் தவறவிட்டதை ஒருவர் பிடித்தார். சரி. அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்பதும் கதையில் உண்டு. 1,500 ஹெர்ட்ஸில் தேடுங்கள் என்று அவர் சொன்னதும், ஸ்வீடனில் இருந்தவர்களுக்கும் அது உடனே கேட்டது. அந்தக் குறை ‘காற்று’, ‘உயிர்’ என்று விவரிக்க வேண்டிய மாயப்பொருளாக இல்லை. இடம் சொல்லலாம், சுட்டிக்காட்டலாம், கருவி வைத்து அளக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கேட்கும். அந்தச் சம்பவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது: சோதனையில் உட்காருகிறவருக்கு எதைத் தேடுவது என்று முன்னாலேயே பயிற்சி வேண்டும். இன்றைக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.1116 முறையில் அந்தப் பயிற்சி ஒரு பகுதி. அசலைக் காட்டிவிட்டு இரண்டு ஒலி தருவார்கள், அதில் ஒன்று மறைத்து வைத்த அசலேதான். அதற்கே மதிப்பெண் குறைக்கிறவருடைய பதிலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நீங்கள் ஒரு தம்புராவை வைத்துத் தொடங்கிப் பாருங்களேன். ஜீவா, அதாவது தந்திக்கு அடியில் வைக்கும் நூல், எழுப்பும் மேல் ஸ்வரங்கள் குறைந்த பிட்ரேட்டில் நிலையாக நிற்காமல் மினுக்கும். உங்களுக்கு அது என்னைவிட சீக்கிரம் பிடிபடும் என்றே நினைக்கிறேன்.

வியாசர்பாடி, பெயர் வேண்டாம் என்றவர்: அந்த வண்ணாரப்பேட்டைக்காரர் காசு போட்டு ஏமாந்துட்டு அதை நியாயப்படுத்துறாரு, அவ்ளோதான்.

பதில்: இப்படிப் பேச வேண்டாம். நல்ல ஹெட்போன் வாங்கியது வீண் கிடையாது. ஹெட்போனுக்கு ஹெட்போன் உள்ள வித்தியாசம் கோடெக் வித்தியாசத்தை விடப் பல மடங்கு பெரியது, கண்ணை மூடிக் கேட்டாலும் தெரியும். அவர் கேட்டுப் பார்க்கிறார், அக்கறைப்படுகிறார். அப்படிப்பட்டவர்களோடுதான் வாதம் பண்ண முடியும்.

வண்ணாரப்பேட்டை, ஹை-ஃபை ஆர்வலர்: நேற்றிரவு வீட்டில் செய்தேன். 10க்கு 7. போதுமா?

பதில்: செய்து பார்த்ததற்கு மனதார நன்றி. ஆனால் போதாது. காது கேளாதவர் நூறு பேர் நாணயம் சுண்டிப் பதில் சொன்னாலும் 17 பேருக்கு 7 அல்லது அதற்கு மேல் வரும். நான் 16 முறை கேட்டதற்குக் காரணம் அதுதான். எத்தனை முறை என்பதை முதலிலேயே முடிவு செய்து, இடையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். நன்றாக வரும்போது நிறுத்திக்கொண்டால் கணக்கு கெட்டுவிடும்.

எல்லோருக்குமாக இன்னொன்றும் சொல்கிறேன். நம்மில் 20 பேர் ஆளுக்கு 16 தடவை செய்து, ஒருவருக்கு மட்டும் 12 வந்தால் அவரைத் தூக்கிக் கொண்டாட வேண்டாம். வெறும் அதிர்ஷ்டத்திலேயே அந்த இருபதில் ஒருவராவது 12ஐத் தொட பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. அவர் மறுநாள் திரும்பச் செய்து மறுபடி 12 எடுக்கட்டும்.

320 எம்பி3யை உலகத்தில் யாருமே பிடித்ததில்லை என்றும் சொல்ல மாட்டேன். சில முரட்டு ஒலித்துண்டுகளில், குறை எங்கே என்று தெரிந்தவர்கள் பிடித்திருக்கிறார்கள். எல்லாப் பாட்டிலும், பத்து நொடியில் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

ஓட்டேரி, மென்பொருள் ஊழியர்: அசலில் இருந்து எம்பி3யைக் கழித்தால் மிச்சம் ஒரு சத்தம் வருகிறதே. யூடியூபில் போட்டுக் காட்டுகிறார்கள். ‘இதையெல்லாம் இழக்கிறீர்கள்’ என்கிறார்கள்.

பதில்: மிச்சம் வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம். அந்த மிச்சம் பாட்டோடு சேர்ந்து ஒலிக்கும்போது மறைந்திருக்கிறதா என்பதுதான் கோடெக்கின் வேலை. பாட்டை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் கேட்டால், மறைத்த திரையையே நீக்கிவிட்டீர்கள். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஏபிஎக்ஸ் செய்யுங்கள்.

கொளத்தூர், ஐடி ஊழியர்: ப்ளூடூத்தில் ஃப்ளாக் கேட்டால் ஃப்ளாக்தானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. ப்ளூடூத் தானே ஒரு தடவை சுருக்குகிறது. எல்லாக் கருவியிலும் இருக்கும் ப்ளூடூத் கோடெக்கான எஸ்பிசி, நல்ல அமைப்பில் ஏறத்தாழ 328 கிலோபிட். எல்டாக் என்ற இன்னொரு கோடெக் 990 வரை போகும், சிக்னல் குறைந்தால் 330க்கு இறங்கிவிடும். வீட்டில் கேட்க இது எதுவும் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் கேம் ஆடும்போதோ ஃபோன் அழைப்பிலோ மைக்கை இயக்கினால் பல ஹெட்போன்கள் ஃபோன் பேசும் முறைக்கு மாறிவிடும், அப்போது தரம் நிஜமாகவே விழும். சோதனையை ஒயர் போட்டுச் செய்யுங்கள்.

பெரம்பூர், இன்னொருவர்: சிடியை விட நுணுக்கமான 24-பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் வாங்கலாமா?

பதில்: இது சுருக்கத்தைப் பற்றிய கேள்வி கிடையாது, இருந்தாலும் இரண்டு கணக்கு. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர், அப்படிப்பட்ட ஒலியையும் சிடி தரத்தையும் பிரித்துச் சொல்லச் சொல்லி வெளியிட்ட சோதனையில் 554 தடவையில் 276 சரி, அதாவது நாணயம் சுண்டியது போலத்தான். 2016இல் ஜோஷுவா ரைஸ் 18 சோதனைகளைத் திரட்டிப் பார்த்ததில் 52.3 சதவீதம் சரியாக வந்தது, பயிற்சி பெற்றவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பதிவு செய்யும்போது 24-பிட் எனக்குக் கட்டாயம் வேண்டும். கேட்பதற்கு அதற்காகத் தனியாகக் காசு தர மாட்டேன்.

சௌகார்பேட்டை, வியாபாரி: ஃப்ளாக்னு வாங்கின ஃபைல் நிஜ ஃப்ளாக்கான்னு எப்படிப் பாக்குறது?

பதில்: ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள். 16,000 ஹெர்ட்ஸில் கத்தரியால் வெட்டினது போலக் கோடு இருந்தால், அது பெரும்பாலும் 128 எம்பி3யை ஃப்ளாக் பெட்டியில் போட்டு விற்றது. பழைய கேசட்டிலிருந்து ஏற்றியது என்றால் மேலே தானாகவே மங்கலாக இருக்கும், அதைக் குற்றம் சொல்லக்கூடாது. படத்தைப் பார்த்துப் போலியைப் பிடிக்கலாம். தரத்தைத் தீர்மானிக்கக் காதுதான் வேண்டும்.

ராயபுரம், தேவாலயக் குழு ஒலி அமைப்பாளர்: காதை எப்படிப் பழக்குவது? நானே வீட்டில் செய்ய முடியுமா?

பதில்: இதுதான் நான் எதிர்பார்த்த கேள்வி. முடியும்.

மோசத்திலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் 320இல் தொடங்கிச் சோர்ந்துபோகிறார்கள். உங்கள் குழுவின் சொந்தப் பதிவு, சுருக்காத மூல வேவ் ஃபைல் ஒன்றை எடுங்கள். லேம் என்ற எம்பி3 என்கோடரில் 64, 96, 128, 160, 192 என்று செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மூலத்திலிருந்தே செய்ய வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்று கூடாது. முதலில் 64ஐயும் அசலையும் திறந்தபடியே, எது எது என்று தெரிந்தே கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு குறை மட்டும். இன்றைக்கு அடிகளின் ஓரம். நாளைக்குச் சிம்பல், ஜால்ரா சலசலக்கிறதா என்று. அப்புறம் குரலில் ‘ஸ’ வரும் இடம். அப்புறம் கோரஸின் அகலம், அறையின் எதிரொலி அணையும் வால் பகுதி. ஒரு குறை கண்ணுக்குத் தெரிவது போலக் காதில் தெளிவான பிறகு, அதே குறையை 96இல் தேடுங்கள். ஏபிஎக்ஸில் தேறினால்தான் அடுத்த படி.

தனிக்குரலை வைத்தும் பழகுங்கள். எம்பி3யை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா எந்த வாத்தியமும் இல்லாமல் பாடிய ஒரு பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக் கோடெக்கைத் திருத்தினார். ஆரம்பத்தில் அந்தக் குரல் கேட்கச் சகிக்காமல் வந்ததாம். தனிக்குரலில் பிசிறு ஒளிய இடமே இல்லை. நம் பக்கத்தில் இதற்குச் சமம் வாத்தியம் சேருமுன் கானா பாடகர் தனியாக இழுக்கும் தொகையறா.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக வீடு என்றால் கன்டெய்னர் லாரி ஓயும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். காதை மூடும் க்ளோஸ்ட்-பேக் ஹெட்போன் போடுங்கள். அரை மணிக்கு மேல் தொடர்ந்து செய்யாதீர்கள், களைத்த காது பொய் சொல்லும். சத்த அளவு 0.1 டெசிபலுக்குள் சமமாக இருக்கட்டும்.

பழக்கினால் ரசனை கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஷான் ஆலிவ் 2003இல் வெளியிட்ட ஆய்வில் 268 பேரை வைத்து ஸ்பீக்கர்களை ஒப்பிட்டார். பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் விரும்பிய ஸ்பீக்கர் வரிசை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பயிற்சி பெற்றவர்களின் மதிப்பெண் மட்டும் தடவைக்குத் தடவை மாறாமல் நின்றது.

எருக்கஞ்சேரி, மாணவர்: 320 நல்லதா, ஃப்ளாக் நல்லதா?

பதில்: மேலே இரண்டு இடத்தில் சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

காசிமேடு, கானா பாடகரின் மகள்: அண்ணா, அப்பா மரண வீடுகளில் விடிய விடியப் பாடுவார். அவர் இப்போது இல்லை. அவர் பாட்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவாகத்தான் எங்களிடம் இருக்கிறது. ஒரே பாட்டு நாலஞ்சு பேரிடமிருந்து வந்திருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கேட்கிறது. எதை வைத்துக்கொள்வது?

பதில்: தங்கச்சி, இதற்கு நேரம் எடுத்துச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் மற்ற எதையும் விட இது எனக்கு முக்கியம்.

எதையும் அழிக்க வேண்டாம். ஐந்து பிரதி இருந்தால் ஐந்தையும் ஒரு பென்டிரைவிலும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டு வை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பும்போது படத்தோடு ஒலியும் திரும்பச் சுருங்குகிறது. அப்பா குரல் கைமாறிய ஒவ்வொரு தடவையும் ஒரு அடுக்கு பிசிறு ஏறியிருக்கலாம். அதனால்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கேட்கிறது.

முதலில் பதிவு செய்தவரைத் தேடு. அன்றைக்கு இரவு ஃபோனைப் பிடித்தவர் யார் என்று செட்டில் யாருக்காவது நினைவிருக்கும். அவருடைய பழைய ஃபோன், மெமரி கார்டு, கூகுள் டிரைவ் எங்காவது முதல் ஃபைல் இருக்கலாம். கிடைத்தால் வாட்ஸ்அப்பில் ‘டாகுமென்ட்’ என்று அனுப்பச் சொல். அப்படி அனுப்பினால் பைட் மாறாமல் வரும். கேபிளில் நேராக எடுத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

கிடைக்காவிட்டால் இருக்கிற ஐந்தில் எது அசலுக்கு அருகில் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இங்கேதான் பழகிய காது உண்மையில் பயன்படும். டோலக் அடியின் ஓரத்தைக் கேள், கைதட்டலைக் கேள், அப்பா மூச்சு இழுக்கும் இடத்தைக் கேள். மூச்சு மூச்சாகவே கேட்கும் பிரதிதான் குறைவாகக் கைமாறியது. ஃபைல் அளவு பெரியதாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதே, யாராவது 128ஐ 320 ஆக்கியிருக்கலாம். அந்தப் பிரதியை வைத்து இரைச்சலைக் குறைக்கிற வேலையை என் அறையில் செய்து தருகிறேன், காசு வேண்டாம். செய்தாலும், கை படாத பிரதி தனியாக இருக்க வேண்டும்.

கானா செட்டுகள் எல்லோருக்கும்: இனி பதிவு செய்யும்போது ஃபோனில் வேவ் ஃபைலாகப் பதியும் ஆப்பைப் பயன்படுத்துங்கள். சத்த அளவை ஃபோனே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணைக்க முடிந்தால் அணையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு டோலக் அடிக்கும் குரல் அமுங்கி எழும்பும். ஸ்டீரியோ வேவ் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி. இரவு முழுக்கப் பதிந்தாலும் இன்றைய மெமரி கார்டில் அடங்கும். பகிர்வதற்கு எம்பி3 செய்துகொள்ளுங்கள், மூலத்தை மட்டும் அழிக்காதீர்கள்.

மணலி, மாணவர்: அண்ணா ஃப்ளாக்கா 320ஆ?

பதில்: மேலே.

வண்ணாரப்பேட்டை, ஹை-ஃபை ஆர்வலர்: ஞாயிறு உங்கள் அறைக்கு வருகிறேன். என் டாக், என் ஹெட்போன், என் பாட்டுகள். 16 தடவை. ஆனால் ஃபைலை நீங்கள் தயார் செய்யக்கூடாது, எனக்கு நம்பிக்கை வேண்டும்.

பதில்: தாராளமாக வாருங்கள், உங்கள் நிபந்தனை சரியானதும்கூட. நான் தயார் செய்தால் எது எது என்று எனக்குத் தெரியும். என் முகத்தையோ குரலையோ வைத்து உங்களுக்குக் குறிப்பு கிடைத்துவிடும். புளியந்தோப்பு டோலக் தம்பி உங்கள் சிடியிலிருந்தே ஃப்ளாக்கும், அதிலிருந்து லேமில் 320உம் செய்வார், செய்துவிட்டு அறையை விட்டுப் போய்விடுவார். வரிசையை மென்பொருள் குலுக்கும். சத்த அளவை திருவொற்றியூர் அம்மா மீட்டரில் பார்த்துச் சமப்படுத்தட்டும், அவர் உங்கள் பக்கம் பேசியவர். பாட்டு எதுவானாலும் சரி, எத்தனை நேரம் கேட்டாலும் சரி. 16 முடியும் வரை மதிப்பெண் திரையில் வராது. காலை ஆறு மணிக்கு வந்தால் நல்லது, ஏழுக்கு மேல் தெருவில் சத்தம் ஏறிவிடும்.